முட்டு வருத்தமும் "இயற்கை மருந்தும்": பெற்றோரோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது



பதிவு கொஞ்சம் நீளம். முட்டு, இழுப்பு, வீசிங், ஆஸ்துமா என்று எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, அந்த வருத்தம் உள்ள பிள்ளை உங்கட வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

கடந்த ரெண்டு மூன்று வாரமாக எங்கட ஊர் பெண்கள் குரூப்புகளில் ஒரு வொய்ஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் பேசியது, எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. அதில் சொல்வது இவ்வளவுதான்: பம்ப் அடித்தால் பழகிவிடும், இதயம் பலவீனமாகும், ஆகவே அதை நிறுத்துங்கள். மூச்சுக் குழாயைத் திறக்கக்கூடிய பொருட்களை அல்லாஹ் செடிகொடிகளிலேயே வைத்திருக்கிறான், அவற்றைக் கொடுங்கள். என் வகுப்பு உம்மாமார் ஆறேழு பேர் அதை எனக்கு அனுப்பி, "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டிருந்தார்கள்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு ஆசிரியை. வைத்தியர் இல்லை. அதனால் வாசித்ததை ஒரு பிள்ளைநல வைத்தியரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். அந்த வொய்ஸில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்தானது. முழுப் பொய் என்றால் ஆட்கள் இலகுவில் நம்ப மாட்டார்கள்.

முதலில், முட்டு வரும்போது உள்ளே என்ன நடக்கிறது?

எங்கட சுவாசப்பைக்குள் குழாய்கள் மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து போகின்றன. சிறிய குழாய்களைச் சுற்றி மழமழப்பான தசை இருக்கிறது. முட்டு உள்ள பிள்ளைக்குத் தூசியோ புகையோ தடிமன் கிருமியோ பட்டால் மூன்று விஷயம் நடக்கும். ஒன்று, அந்தத் தசை இறுகும். இரண்டு, குழாயின் உட்சுவர் வீங்கும். மூன்று, கட்டிச் சளி வந்து அடைக்கும். சின்னப் பிள்ளையின் குழாய் ஏற்கனவே ஒடுக்கம் என்பதால் கொஞ்சம் வீங்கினாலே பெரிய அடைப்பு. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் யோகட் குடிக்கிற ஸ்ட்ரோவைக் கொடுத்து, அதன் நடுவில் விரலால் அமத்திக்கொண்டு அதற்குள்ளால் மூச்சு எடுத்துப் பார்க்கச் சொல்வேன். அரை நிமிடம் தாங்க மாட்டார்கள். முட்டுக்காரப் பிள்ளை அதை மணித்தியாலக் கணக்கில் தாங்குகிறது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தசை, வீக்கம், சளி. தசையை மட்டும் இளக்கினால் மற்ற ரெண்டும் அப்படியே இருக்கும்.

இனி, எங்கட பாடசாலையில் நடந்த ஒன்று. பிள்ளையின் உம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர், வகுப்பு எதுவும் வேண்டாம்.

உடற்கல்விப் பாடம் முடிந்து பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள. ஒரு மகள் நூலகத்துச் சுவரோடு குந்தி, ரெண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய் என்னம்மா என்றேன். "டீச்சர்..." என்றாள். ஒரு மூச்சு. "ஏலா..." என்றாள். இன்னொரு மூச்சு. அடுத்த சொல் வரவில்லை. விலா எலும்புகளுக்கு இடையில் சதை உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது. சத்தம் போட்டு இழுக்கவும் இல்லை. நெஞ்சு கிட்டத்தட்ட அமைதியாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், இழுப்புச் சத்தம் நிண்டுட்டு, சுகமாகிட்டு" என்றாள். இல்லை. சத்தம் வருவதற்கும் காற்றுப் போக வேண்டும். சத்தமே இல்லாமல் போனால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். முட்டில் மிகப் பயங்கரமான அடையாளம் அதுதான்.

பேக்கில் பம்ப் இல்லை. ஒரு சின்னப் போத்தலில் கருஞ்சீரக எண்ணெய் இருந்தது. பம்ப்பை வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டி மூன்று வாரமாம்.

இன்னொரு வகுப்பில் ஒரு மகனிடம் பம்ப் இருப்பது எனக்குத் தெரியும். ஓடிப் போய் வாங்கி வந்தோம். 1990க்கு ஒரு சேர் கோல் எடுத்தார். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் பம்ப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இன்று வகுப்பில் இருக்கிறாள். அன்று பின்னேரம் வார்ட்டுக்கு வெளியே அவளுடைய உம்மா அழுதுகொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், நாங்க இயற்கையானதத்தானே குடுத்தம். அது புள்ளைக்குக் கெடுதல் செய்யுமா?"

அந்த உம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையில் உள்ள பாசத்தில்தான் செய்தார். நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த மருந்துகள் ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடிப் பாருங்கள். "இயற்கை" என்றும் "இங்கிலீஷ் மருந்து" என்றும் நாங்கள் போட்ட வேலி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

முதலாவது, சல்பியூட்டமோல். பம்ப்பில் இருப்பதும் நெபுலைஸ் பண்ணும்போது போடுவதும் இதுதான். இதன் பூர்வீகம் எங்கட உடம்பிலேயே இருக்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பியில் சுரக்கும் அதிரினலின் மூச்சுக் குழாயின் தசையைத் தளர்த்தும். 1901இல் ஜப்பானிய இரசாயனவியலாளர் தக்கமினே ஜோக்கிச்சி அதைப் பிரித்தெடுத்தார். ஆனால் அதிரினலின் இதயத்தையும் கடுமையாக அடிக்க வைக்கும். அந்தத் தொல்லையைக் குறைத்து, மூச்சுக் குழாயில் கூடுதலாக வேலை செய்கிற மாதிரி அதன் அமைப்பை மாற்றினார்கள். இங்கிலாந்தில் டேவிட் ஜாக் என்பவரின் குழு உருவாக்கி, 1969இல் பாவனைக்கு வந்ததுதான் சல்பியூட்டமோல். சீனாவில் மா ஹுவாங் என்ற செடியை நூற்றாண்டுகளாக மூச்சுத் திணறலுக்குக் கொடுத்து வந்தார்கள். அதிலுள்ள எபெட்ரின் 1885இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவும் இதே குடும்பம். ஆனால் அது பிரஷரையும் இதயத் துடிப்பையும் கூட்டும். அந்தச் செடி சேர்த்த சத்துணவு மாத்திரைகளை அமெரிக்கா 2004இல் தடை செய்தது. செடியிலிருந்து வந்தது என்பது அதைக் காப்பாற்றவில்லை.

இரண்டாவது, இப்ராட்ரோப்பியம். கடுமையான முட்டில் சல்பியூட்டமோலோடு சேர்த்து நெபுலைஸ் பண்ணுவார்கள். இதன் மூலம் என்ன தெரியுமா? வேலி ஓரத்தில் நிற்கிற ஊமத்தை. ஊமத்தைச் சருகைப் புகைத்து முட்டைத் தணிப்பது இந்தியாவில் பழைய வழக்கம். 1802 அளவில் மதராஸிலிருந்து அந்த முறை பிரித்தானியாவுக்குப் போனது. பிறகு ஊமத்தை அடைத்த சிகரெட்டுகளையே மருந்தென்று விற்றார்கள். வேலை செய்தது உண்மை. அதிலுள்ள அத்ரோப்பீன் குழாயைத் தளர்த்தும். ஆனால் அதே பொருள் நாக்கை வரட்டும், பார்வையை மங்க வைக்கும், பித்துப் பிடித்தவர் மாதிரிப் பிதற்ற வைக்கும், அளவு கூடினால் ஆளையே கொல்லும். ஒரு இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்த மூலக்கூறை மாற்றி, மூளைக்குள் போகாமல், சுவாசித்தால் பெரும்பாலும் குழாயிலேயே தங்குகிற மாதிரி ஆக்கினார்கள். அதுதான் இப்ராட்ரோப்பியம். தயவுசெய்து யாரும் ஊமத்தையில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது, மக்னீசியம் சல்பேற்று. பம்ப்பாலும் நெபுலைசராலும் இறங்காத முட்டுக்கு நாளத்தால் மெதுவாக, ஏறக்குறைய 20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். இது சாதாரண உப்பு. பேதிக்குக் கொடுக்கிற எப்சம் உப்பும் இதேதான். தசை இறுகுவதற்குக் கல்சியம் கலத்துக்குள் போக வேண்டும். மக்னீசியம் அந்தப் பாதையில் நின்று தடுக்கும். ஆனால் பிள்ளையின் நிறைக்கு அளந்து, பிரஷரைப் பார்த்துக்கொண்டு ஏற்ற வேண்டிய மருந்து. வீட்டில் கரைத்துக் குடித்தால் பேதி மட்டும்தான் போகும்.

நான்காவது, ஸ்டெரொயிட். பெயரைக் கேட்டதும் எங்கட ஆட்கள் பயப்படுவார்கள். இதுவும் அதே சுரப்பி சுரக்கிற கோட்டிசோல் என்ற ஓமோனின் வழி வந்தது. மேலே சொன்ன மூன்றில் ரெண்டாவதான வீக்கத்தை வற்ற வைப்பது இதுதான். வேலை செய்யச் சில மணித்தியாலம் எடுக்கும் என்பதால்தான் வந்த உடனே கொடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று: முட்டு ஏன் எப்போதும் நடுச்சாமத்தில் தொடங்கி சுபஹுக்கு முன்னால் கடுமையாகிறது என்று உம்மாமார் கேட்பார்கள். இரவில் எங்கட உடம்பு சுரக்கிற அதிரினலின், கோட்டிசோல் ரெண்டும் குறைந்து போவது அதற்கு ஒரு காரணம்.

தேயிலைக்கு வருவோம். எங்கட நாட்டுக்காரர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். 1888இல் ஜெர்மனியில் அல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்து தியோபிலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பல வருடம் முட்டுக்கு முக்கியமான குளிசையாக இருந்தது அது. கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கபீனும் அதன் சொந்தக்காரர்தான். தானும் ஆஸ்துமாக்காரரான ஹைட் சோல்டர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1860இல் எழுதிய நூலில் கடுங்கோப்பியைச் சிறந்த மருந்துகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். கபீன் சில மணித்தியாலங்களுக்குக் குழாயைக் கொஞ்சம் தளர்த்துவதை இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆகவே முட்டு வந்தால் கடும் சாயத்தில் பிளேன்டீ கொடுத்த எங்கட மூத்தம்மாமார் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. பம்ப் இல்லாத காலத்தில் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள தியோபிலின் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். மருந்தாக ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். சரி, கூட்டிக் கொடுக்கலாமே என்றால், குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வாந்தி, இதயத் துடிப்புக் குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். சில அன்டிபயோட்டிக் குளிசைகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு இன்னும் ஏறும். அதனால்தான் இன்று பிள்ளைகளுக்கு அதை முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை.

இப்போது கருஞ்சீரகம். இதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வந்திருக்கிறது. அதில் ஈமான் உள்ளவள் நான். எங்கட வீட்டிலும் அது இருக்கிறது. ஈரானில் ஆய்வாளர்கள் கருஞ்சீரகத்தை அவித்த சாற்றை ஆஸ்துமாக்காரருக்குக் கொடுத்து, குழாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். திறந்தது உண்மை. ஆனால் தியோபிலினை விடவும் சல்பியூட்டமோலை விடவும் குறைவாகத்தான் திறந்தது. அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் பெரியவர்கள், வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். மூச்செடுக்க ஏலாமல் நீலம் பாரிக்கிற பிள்ளைக்கு எண்ணெய் பருக்கிக் காத்திருக்க அதில் எந்த ஆதாரமும் இல்லை. வேகமாக மூச்செடுக்கிற பிள்ளையின் வாயில் எண்ணெய் ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போகிற ஆபத்தும் உண்டு. மருந்து செய்துகொள்ளுங்கள் என்று எங்களுக்கு ஏவிய அதே நபி (ஸல்) அவர்கள், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவும் கற்றுத் தந்தார்கள். முட்டுக்காரப் பிள்ளைக்குப் பம்ப்தான் அந்தக் கயிறு.

ஆடாதோடைக் கசாயம், இஞ்சி, கொத்தமல்லி அவித்த தண்ணீர் எல்லாம் தடிமன், சளிக்கு இதமாக இருக்கும். ஆடாதோடையிலுள்ள வசிசீன் என்ற பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தே வந்தது. முட்டு அடங்கியிருக்கிற நாளில், வைத்தியருக்குச் சொல்லிவிட்டு இவற்றைக் கொடுப்பதில் பிரச்சினை இல்லை. கற்பூரத் தைலங்களை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். பெயர், பட்டியல் இல்லாத தூள்களை வாங்காதீர்கள். "மூலிகை" என்று விற்ற தூள்களில் ஸ்டெரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பிள்ளை உடனே சுகமானால் மூலிகையின் மகிமை என்று நினைப்போம்.

ஆயுள்வேத, யூனானி வைத்தியர்களை நான் குறைத்துப் பேசவில்லை. முறையாகப் படித்த ஹக்கீம் யாரும் மூச்சுத் திணறுகிற பிள்ளையை வைத்துக்கொண்டிருக்க மாட்டார். அவரே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வொய்ஸ் அனுப்புகிறவர்தான் அனுப்ப மாட்டார்.

"பம்ப் பழகிவிடும்" என்பதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். பம்ப்பை ஒரு தடவை அமத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சல்பியூட்டமோல். அதே மருந்தில் 4 மில்லிகிராம் குளிசை ஒன்று 40 அமத்தலுக்குச் சமம். 2 மில்லிகிராம் உள்ள ஒரு தேக்கரண்டிப் பாணி 20 அமத்தலுக்குச் சமம். குளிசையும் பாணியும் வயிறு, இரத்தம், முழு உடம்பு என்று சுற்றித்தான் குழாய்க்கு வரும். கையும் நடுங்கும், நெஞ்சும் படபடக்கும். பம்ப் நேராகப் போகும், சில நிமிடத்தில் வேலை செய்யும். பாணியை நம்பிப் பம்ப்புக்குப் பயப்படுவது எந்த வகையில் நியாயம்?

ஆனால் ஒன்று. நீலப் பம்ப் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் உள்ளே வீக்கம் அடங்கவில்லை என்று அர்த்தம். அதற்குத்தான் தினமும் எடுக்கிற தடுப்புப் பம்ப். சுகமாக இருக்கிறாளே என்று அதை நிறுத்தாதீர்கள். சுகமாக இருப்பதே அதனால்தான்.

இனி மனதுக்குக் கஷ்டமான விஷயம். அந்த மகளின் பம்ப் அலுமாரிக்குள் போனதற்கு வொய்ஸ் மட்டும் காரணமில்லை. "பொம்புளப் புள்ளைக்கு முட்டு எண்டு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஆர் கேட்டு வருவாங்க" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்திருக்கிறது. அவளும் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் பம்ப் எடுக்க வெட்கப்பட்டிருக்கிறாள். 13, 14 வயதுப் பிள்ளை. மூச்சு முட்டும்போதுகூட யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாள். கண்ணாடி போடுகிற பிள்ளையை நாங்கள் மறைக்கிறோமா? பிரித்தானியாவில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். 195 மரணங்களில் ஏறத்தாழ 45 வீதமானோர் வைத்திய உதவியை நாடாமலோ, உதவி வந்து சேரும் முன்னரோ மௌத்தாகியிருக்கிறார்கள். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே தாமதம்தான் ஆளைக் கொல்கிறது. வெட்கத்துக்காக நாங்கள் தாமதிக்க வேண்டுமா?

இதை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

ஆபத்து அடையாளங்கள்: ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமை. விலாவும் கழுத்துக் குழியும் உள்ளே இழுபடுதல். உதடு, நகம் நீலமாதல். பிள்ளை சோர்ந்து தூங்கி விழுதல். இழுப்புச் சத்தம் திடீரென நின்றும் பிள்ளை தெளியாமை. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 1990. இலவச சேவை. முச்சக்கர வண்டி கிட்ட இருந்தால் அதிலாவது ஏற்றுங்கள். வழி நெடுகப் பம்ப் கொடுங்கள்.

பம்ப் கொடுக்கும் விதம்: பிள்ளையை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைக்க வேண்டாம். பம்ப்பைக் குலுக்கி ஸ்பேசரில் பூட்டி ஒரு தடவை அமத்துங்கள். பிள்ளை நான்கு மூச்சு எடுக்கட்டும். இப்படி நான்கு தடவை. நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடி நான்கு, அதோடு அம்புலன்ஸ். அவுஸ்திரேலியாவில் பாடசாலைகளில் கற்பிக்கிற முறை இது. உங்கட வைத்தியர் வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்பேசர் வாங்க வசதியில்லையா? 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாகப் போகிற அளவுக்கு ஓட்டை போடுங்கள். சுற்றிக் காற்றுப் போகாமல் ஒட்டுங்கள். பிள்ளை போத்தல் வாயால் மூச்செடுக்கட்டும். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், இது கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காய விடுங்கள்.

வீட்டில்: நுளம்புத் திரி, சிகரெட், குப்பை எரிக்கும் புகை எல்லாம் முட்டைக் கிளப்பும். வெள்ளி இரவு சாம்பிராணி போடுகிற வீடுகளில் அந்தப் பிள்ளை இருந்தால் விட்டுவிடுங்கள். வாசனைக்கு வேறு வழி இருக்கிறது.

நோன்பு காலத்தில் பம்ப் எடுப்பது பற்றி உலமாக்களிடம் வேறுபட்ட கருத்துகள் உண்டு. உங்கட பள்ளி ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய மார்க்கத்தில் இடம் இருக்கிறது. நோன்புக்காக மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க எந்தப் பிள்ளையையும் விட வேண்டாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. வரும் திங்கட்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு துண்டுத் தாள் வரும். பிள்ளைக்கு முட்டு இருக்கிறதா, என்ன பம்ப், எத்தனை அமத்தல், யாருக்குக் கோல் எடுக்க வேண்டும் என்ற நான்கு கேள்விதான். நிரப்பி அனுப்புங்கள். அந்தத் தாள் என்னிடமும் அதிபரிடமும் மட்டும் இருக்கும். பம்ப் பேக்கின் முன் பொக்கெட்டில் இருக்கட்டும். மற்ற வகுப்பு ஆசிரியர்களும் இதைச் செய்தால் நல்லது. பள்ளி நிருவாகத்தில் உள்ள சகோதரர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு ரெண்டு நிமிடம் இதை அறிவித்தால் வாப்பாமாருக்கும் போய்ச் சேரும்.

அந்த வொய்ஸ் உங்கட போனுக்கு வந்தால் அனுப்பியவருக்கு இந்தப் பதிவைத் திருப்பி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கொமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தளவு மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், அதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.